பக்கவாத்தியம்

சாக்ஸபோன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஜெபசீலன் முழங்காலிட்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ பழைய டிரங்குப் பெட்டி இடித்தது. முன்னறையில் குளிர்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். சுருதி ஆளுக்கொரு திசையில் போனது. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய் ஒரு முறை முறைத்திருப்பார்.

"யப்பா, அங்கன என்ன செய்யுதிய?"

மகள் ரீபா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செய்தி கேட்டதும் அம்பாசமுத்திரத்திலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல. வாற சனங்க கால்ல தட்டும்லா. அதான் ஒதுக்கி வைக்கேன்."

"சுவரோரமாத்தான நின்னுச்சு. அது யாரு கால்ல தட்டப்போவுது?" அவள் உள்ளே வந்து பெட்டியை வெளியே இழுத்தாள். "மெர்வின் சார் போன் பண்ணினாரு. அவரும் காந்திமதிநாதன் அங்கிளும் வந்துகிட்டு இருக்காங்க. யம்மா ரெசைட்டல் மேடைக்கு வச்சிருந்த பாட்ட, வீட்டு ஜெபத்துல ஒருக்கா வாசிக்கட்டுமான்னு கேட்டாங்க."

"வேண்டாம்னு சொல்லிரு. சாவு வீடா இது, கச்சேரி மண்டபமா?"

"நான் சரின்னு சொல்லிட்டேன்."

ஜெபசீலன் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். காந்திமதிநாதன் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்குக் கொஞ்ச நாளாக வயிறு காந்தும். இன்றைக்கும் காந்தியது. மனைவி குளிர்பெட்டிக்குள் கிடக்கிற நாளில் இப்படிக் காந்துகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் அது அடங்கிவிடவும் இல்லை.

சாரம்மாள் அன்று விடிந்தும் விடியாமலும் எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள். நெஞ்சை என்னமோ செய்யுது என்று சொல்லிச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜெபசீலன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அவளும் முடிந்திருந்தாள்.

வேலையில் இருந்தவரை அவள் இடைநிலை ஆசிரியர். ஓய்வு பெற்றதும் மெர்வினிடம் சேர்ந்து சாக்ஸபோனில் இடைநிலை மாணவி ஆனாள். ஆறாம் வகுப்பில் அவளிடம் கணக்குக்குக் குட்டு வாங்கியவன்தான் மெர்வின். வகுப்பில் அவள் அவனை "சார்" என்பாள். அவன் அவளை "டீச்சர்" என்பான். முருகன்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது வகுப்பு. அங்கே சேர்ந்ததை ஜெபசீலனிடம் அவள் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குக் கல்யாணத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு அவர் கட்டையில் கை வைத்தால் பாடகர் குழு முதுகை நிமிர்த்திக்கொள்ளும். அவர் பெண்டாட்டி போயும் போயும் ரிசப்ஷனில் ஊதுகிற வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதா?

இருந்தாலும் முதல் முறை ஆசையாகத்தான் உட்கார்ந்தார். முன்னறைக் கீபோர்டில் அவருடைய பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தார். அவள் பக்கத்தில் நின்றாள். ஒரே பக்கத்தைப் பார்த்து இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு வீட்டு ரேடியோ சேர்ந்து அலறுவது போல இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்குக் காது இல்ல சாரா." அப்போது வீட்டில் ரீபாவும் அவள் மாமியாரும் இருந்தார்கள். சாரம்மாள் தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

அதற்குப்பின் அவர் வீட்டில் இருக்கும்போது அவள் வாசித்ததில்லை. அவர் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகிற மாலைகளில்தான் வாசித்தாள்.

காந்திமதிநாதன் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் வீடு. அவரும் அதே வகுப்பில் இடைநிலை. புத்தகத்தில் தனியாக வாசிக்கிற பயிற்சிப் பாடங்கள் உண்டு, மேடையில் வாசிக்கிற பாட்டுகள் உண்டு, இருவர் சேர்ந்து வாசிக்கிற பாடங்களும் உண்டு. அந்த மூன்றாவது ரகம்தான் ஜெபசீலனின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருநாள் நல்ல மழை. குடை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிடப் போனவர், மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார். கதவு திறந்திருந்தது. ஒரே ஸ்டாண்டின் முன்னால் அவளும் காந்திமதிநாதனும் நின்றார்கள். மெர்வின் கையைத் தூக்கியதும் இருவர் தோளும் ஒன்றாக உயர்ந்தன. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது.

இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் தானும் அவளும் அப்படி ஒன்றாக மூச்சை இழுத்ததாக ஜெபசீலனுக்கு ஞாபகம் இல்லை. அவர் படியிறங்கி, குடையைக்கூட விரிக்காமல், வீட்டுக்கு வந்துவிட்டார். அவளும் நனைந்துதான் வந்தாள்.

"நீங்க வருவியன்னு நெனச்சேன்," என்றாள்.

"வேல கெடந்துச்சு," என்றார் அவர்.

அதிலிருந்து அவர் கண் துப்பறிய ஆரம்பித்தது. அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் அவள் பென்சிலால் சின்னதாகக் காற்புள்ளி போட்டிருந்தாள். ரெசைட்டலுக்கு என்று எடுத்திருந்த மெதுவான பாட்டில், போன மாதம் நீலப் பென்சிலில் கூடுதலாகச் சில காற்புள்ளிகள் முளைத்தன. தடித்த கை, அவளுடையது இல்லை. என் பெண்டாட்டி எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்ல இவன் யார்? ஜெபசீலன் ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். சாரம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே இடங்களில் அவளே சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதையும் அழித்தார்.

இன்னொன்றும் இருந்தது. பயிற்சி முடிந்து அவர் வீடு திரும்பும்போதெல்லாம் கீபோர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஸ்டாண்டில் அவள் புத்தகம் விரிந்திருக்கும். சின்னத் திரையில் 3 என்று நிற்கும். சுருதியை ஏற்றி இறக்குகிற பொத்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கறுப்புக் கட்டையைத் தொடப் பயப்படுகிறவர்கள்தான் அதை அமுக்குவார்கள் என்பது அவர் கட்சி. அவர் ஆயுளில் அதைத் தொட்டதில்லை. சாரம்மாளுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. அப்படியானால் தான் இல்லாத நேரத்தில் இந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போவது யார்?

கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்று அவர் கேட்கவே இல்லை. "கரண்டு பில்லு உங்கப்பனா கெட்டுவான்?" என்று மட்டும் கத்துவார். அவள் அடுக்களை வாசலில் துடைத்த கையோடு நின்று அவரையும் கீபோர்டையும் பார்ப்பாள். ஒரு தடவை, "ஒருக்கா உக்காந்துதான் பாருங்களேன்," என்றாள். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மூன்றைச் சுழியாக்கி, சுவிட்சை அணைத்தார். நேற்று இரவும் அப்படித்தான் அணைத்தார்.

மெர்வினும் காந்திமதிநாதனும் தெருமுனையில் நின்று யாரிடமோ வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். காந்திமதிநாதன் நெற்றியில் எப்போதும் அப்பியிருக்கும் திருநீறு இன்றைக்கு இல்லை. குளிக்காமல், சவரம் செய்யாமல், சொந்த வீட்டுச் சாவுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். கையில் ரோஜா மாலை, தோளில் வாத்தியப் பெட்டி. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் தடுமாறினார். மாலையைக் குளிர்பெட்டிமேல் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகச் சாரம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.

பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பிறகு ஜெபசீலனைப் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் ஜெபசீலன். அழ வேண்டிய அழுகையையும் இந்த மனுஷன் வந்து பிடுங்கிக்கொண்டானே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காந்திமதிநாதன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். "டாக்டர்ட்ட காட்டினியளா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"மூச்சுக்குத்தான். முந்தியெல்லாம் டீச்சர் அந்தப் பாட்டுல நாலு கட்டத்த ஒரே மூச்சுல கொண்டுட்டுப் போவாங்க. எனக்கே மூச்சு முட்டும். போன மாசம் ரெண்டுலயே வாங்க ஆரம்பிச்சிட்டாங்க. பாட்ட விட்டுருவோமான்னு கேட்டாங்க. நான்தான், இங்கன இங்கன வாங்கிக்கிடுங்க, கேக்கவங்களுக்குத் தெரியாதுன்னு நீலப் பென்சில்ல குறிச்சுக் குடுத்தேன். டாக்டரப் பாருங்க, அண்ணாச்சிட்டச் சொல்லுங்கன்னு அன்னைக்கே சொன்னேம்லா. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

ஜெபசீலன் கையை உருவிக்கொண்டார். "சொன்னா, சொன்னா," என்று பொய் சொன்னார். மனைவியின் மூச்சு குறைந்தது அடுத்த தெருக்காரனுக்குக்கூட இல்லை, டவுனில் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கணம் அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. அந்த ரப்பர் இன்னும் மேசை டிராயரில்தான் கிடந்தது.

வெயில் சாய்ந்தபோது சபைப் போதகரான ஐயர் வந்தார். முதலில் வீட்டில் ஜெபம், பிறகு கோயில், பிறகு கல்லறைத் தோட்டம். வேதபாடம் வாசித்து முடித்ததும் ரீபா ஐயரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். ஐயர் தலையாட்டினார். "டீச்சர் நமக்காகப் பழகி வச்சிருந்த பாட்ட அவங்ககூடப் படிச்சவங்க இப்ப வாசிப்பாங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதபோது ஜெபசீலன் வேறு வழியில் போனார். மூலையில் படுக்கைவிரிப்புப் போட்டு மூடியிருந்த கீபோர்டை இழுத்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெபசீலன் ஐயா, இன்னைக்கு ஒருநா நீங்க சும்மா இருங்களேன்," என்றார் ஐயர்.

"என் பெஞ்சாதிக்கு நான் வாசிக்காம வேற எவன் வாசிப்பான்?"

மெர்வின் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். "சார், பியானோவுக்குத் தனிப் புத்தகம் இருக்கு..."

"அது எனக்கு எதுக்கு? அவ பொஸ்தகத்தக் கொண்டாம்மா ரீபா. அதப் பாத்தே வாசிப்பேன்."

"சரி சார்," என்றான் மெர்வின் பணிவாக. "வீட்டுல டீச்சர்கூட எப்படி வாசிப்பியளோ அப்படியே வாசிங்க."

இவன் என்ன உளறுகிறான் என்று ஜெபசீலன் நினைத்தார். கேட்க நேரமில்லை. காந்திமதிநாதன் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சாரம்மாள் நிற்கிற அதே இடத்தில். ஜெபசீலன் அவர் முகத்தைப் பார்க்காமல் பாட்டின் முதல் வரியில் விரலை வைத்து, "ம்," என்றார்.

கேட்கச் சகிக்கவில்லை. குளிர்பெட்டிப் பக்கத்தில் இருந்த ஒரு குழந்தை வீரிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதே இரண்டு வீட்டு ரேடியோ. ஜெபசீலன் விடாமல் இன்னும் அழுத்தி வாசித்தார். காந்திமதிநாதன்தான் நிறுத்தினார்.

"தப்பா வாசிக்கீரு வே!" என்றார் ஜெபசீலன். குரல் வாசல்வரை கேட்டது. "ஒமக்கும் காது இல்லியா?"

காந்திமதிநாதன் குழம்பிப்போய்க் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தார். "அண்ணாச்சி, சுழியில நிக்குதே. மூணு வைக்க மறந்துட்டியளா?"

"என்ன மூணு?"

"மூணு வச்சாத்தான ரெண்டும் சேரும். இந்த வாத்தியம் அப்படி. பேப்பர்ல ஒண்ணு இருக்கும், சத்தம் வேற இடத்துல விழும். ஒரே பக்கத்தப் பாத்து ரெண்டு பேரும் வாசிக்கணும்னா கீபோர்ட மூணு தள்ளி வைக்கணும். மொத மாசமே மெர்வின் சொல்லிக் குடுத்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்குத் தெரியாமலா? டீச்சர் தெனமும் சொல்லுவாங்களே. நீங்க கோயில்ல இருந்து வாறதுக்குள்ள கீபோர்டப் போட்டு, மூணுல வச்சு, பக்கத்தத் தெறந்து வச்சிருவாங்களாம். நீங்க வந்ததும் ரெண்டு பேரும் வாசிப்பியளாம்."

"டீச்சர் பெருமையாச் சொல்லுவாங்க சார்," என்றான் மெர்வின். "அடுத்த சனிக்கிழம ரெசைட்டலுக்கு எங்க வீட்டுக்காரருதான் பக்கவாத்தியம், வேற யாரையும் போட்டுராதீங்கன்னு சொன்னாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"நான்கூட, தனியா வேண்டாம் டீச்சர், ரெண்டு பேரு வாசிக்கது ஒண்ண வாசிப்பமேன்னு கேட்டுப் பாத்தேன்," என்றார் காந்திமதிநாதன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். "ஒத்துக்கிடல. என் வீட்டுக்காரிக்கு இந்தச் சத்தமே ஆகாது, மொட்ட மாடியிலதான் வாசிப்பேன். ஒங்கள நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. இப்ப சொன்னா என்ன."

ஜெபசீலன் புத்தகத்தைப் பார்த்தார். பாட்டின் முதல் வரிக்கு முன்னால் நாலு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போயிருந்தார். அது சாக்ஸபோன்காரி சும்மா நிற்க வேண்டிய இடம். பக்கவாத்தியம் மட்டும் தனியாக வாசித்து, அவளை உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டிய இடம். அந்த நாலு கட்டத்துக்கு மேலே, பென்சிலால், கணக்கு டீச்சரின் குண்டு எழுத்தில் அவர் பெயரின் முதல் எழுத்து இருந்தது. மூச்சுக் குறிகளைத் தேடி இந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அது அவர் கண்ணில் பட்டதில்லை.

அவர் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்று வந்தது.

காந்திமதிநாதன் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"நீங்க வாசிக்க வேண்டாம்," என்றார் ஜெபசீலன்.

"அண்ணாச்சி?"

"இது அவ பாட்டு. நீங்க வாசிக்க வேண்டாம்."

காந்திமதிநாதன் வாத்தியத்தைப் பைய இறக்கினார். முகம் வாடிவிட்டது. ஆனால் நகரவில்லை, அங்கேயே நின்றார். போகட்டும், நின்றுவிட்டுப் போகட்டும் என்று ஜெபசீலனும் விட்டுவிட்டார்.

அந்த வெறும் நாலு கட்டத்துக்கு அவரே இசை போட்டு, நிதானமாக வாசித்தார். நாலாவது கட்டம் முடிகிற நேரத்தில் தலையைத் திருப்பிக் குளிர்பெட்டியைப் பார்த்து, 'வா' என்பது போல லேசாகத் தலையசைத்தார். பாடுகிறவர்களை உள்ளே அழைக்க அவர் கோயிலில் அசைக்கிற அதே அசைப்பு. பிறகு பக்கவாத்தியத்தை மட்டும் தொடர்ந்து வாசித்தார். பாட்டு இல்லை. பாட்டுக்கு அடியில் இருக்க வேண்டியது மட்டும் இருந்தது.

"பாட்டக் காணுமே," என்று பின்னாலிருந்து ஒரு பெண் முணுமுணுத்தாள். ரீபா அவளை அடக்கினாள்.

இரண்டாவது வரியில் ரப்பர் தேய்த்த இடம் வந்தது. தாள் அங்கே மங்கி, நார் எழும்பியிருந்தது. ஜெபசீலன் கட்டையிலிருந்து கையைத் தூக்கினார். அந்த இடைவெளியில் பக்கத்தில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. காந்திமதிநாதன்தான். பழக்க தோஷம், சரியாக அந்த இடத்தில் இழுத்தார். ஜெபசீலனுக்கு மறுபடியும் சுருக்கென்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கையைத் தூக்கியபடியே, வேண்டியதைவிட இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விரல்களை வைத்தார்.